சீ போ நிறுத்தம்

குரூணிலிருந்து குவார் செம்படாக் வழியாக யான் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பதினோரு வருஷமாக ஓட்டிவந்தாள் பிரிஜெட். கையில் ஸ்டீயரிங் இருக்கும், வாயில் ஊர்ப்பெயர் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தம் வரும் முன்னாலும் கண்ணாடியில் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அந்தக் குரலில் நிறுத்தத்தின் பெயர் மட்டும் வராது.

"கிளினிக்கு, கிளினிக்கு! அய்யாவு அண்ணே, அட்டைய மறக்காம எடுத்துக்கிட்டீங்களா?" என்பாள். "கோயில் முச்சந்தி வருது. பிரேமாவதி, ஒம் மாமியாரு வாசல்லயே நிக்கிறாங்க, மூஞ்சிய கொஞ்சம் சரி பண்ணிக்க லா" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். பிரேமாவதியும் சிரித்துவிட்டு, இறங்கும் முன் முகத்தைச் சரி செய்துகொள்வாள். மலாய்க்காரர்களுக்கு மலாயில் தனியாக ஒரு கச்சேரி நடக்கும்.

இந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு கடிதம் வந்து மண்ணைப் போட்டது. பஸ் உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். அடுத்த நிறுத்தம் எது என்பதைப் பயணிகள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு பஸ்ஸிலும் அறிவிப்புப் பலகை இருக்கவேண்டும், இரண்டு மாதத்தில் அதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறிப் பார்வையிடுவார் என்றது அது.

பஸ் முதலாளி முருகையாவிடம் மொத்தம் மூன்று பஸ்கள். முன்பொரு தடவை ஆசைப்பட்டு ஒரு பஸ்ஸில் மின்விளக்கு எழுத்து ஓடும் பலகை ஒன்றை மாட்டினார். அது முதல் வாரமே 'செலாமாட் ஹரி ராயா' என்ற நோன்புப் பெருநாள் வாழ்த்தில் மாட்டிக்கொண்டு நகர மறுத்துவிட்டது. தீபாவளிக்கும் அதுதான், கிறிஸ்மஸுக்கும் அதுதான், சீனப் பெருநாளுக்கும் அதுதான். கடைசியில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள்.

"மெமரி இருக்கிற சாமானே நமக்கு வேணாம்" என்று முருகையா தீர்மானமாகச் சொன்னார். "மெமரி இருந்தா மறதியும் இருக்கும்."

குவார் செம்படாக்கில் பட்டறை வைத்திருக்கும் ஜெயகுமாரிடம் வேலையைக் கொடுத்தார். ஜெயகுமார் கைகாரன். அலுமினியத்தில் ஒரு பெட்டி, முகப்பில் கண்ணாடி, உள்ளே மேலும் கீழுமாக இரண்டு உருளைகள். உருளைகளைச் சுற்றி ஒரு நீளமான கேன்வாஸ் துணி, முனையோடு முனை ஒட்டி வளையமாக. போகும் வரிசையும் திரும்பும் வரிசையும் அதிலேயே வரும். பழைய லோரி ஒன்றிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் உருளையைச் சுற்றும். பஸ் கதவில் ஒரு சுவிட்ச். கதவு ஒரு தடவை திறந்தால் துணி ஒரு பெயர் நகரும். அவ்வளவுதான். ஓட்டுகிறவர் எதையும் தொடவேண்டாம்.

"பின்னால நகருமா தம்பி?" என்று கேட்டாள் பிரிஜெட்.

"பின்னால எதுக்குக்கா? பஸ்ஸு முன்னாலதானே போகுது."

மறுபேச்சுப் பேசமுடியாத பதிலாகத்தான் அப்போது அது தெரிந்தது.

துணியில் பெயர்களை அச்சடிக்கும் வேலை பிரிஜெட்டின் அண்ணன் மகள் ஃபெலிசியாவுக்குப் போனது. மெர்கோங்கில் பேனர் கடை வைத்திருந்தாள் அவள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பெண். தமிழ் புரியும், ஆனால் பாதி தூரம் வந்து நின்றுகொள்ளும். பாதையில் எந்தெந்த நிறுத்தம் எந்த வரிசையில் வருகிறது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. பிரிஜெட்டின் தலைக்குள்தான் இருந்தது. "வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புங்க அத்தே, நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றாள் ஃபெலிசியா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வீட்டுப் பின்கட்டில் கோப்பியோடு உட்கார்ந்து, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பிரிஜெட் பத்தொன்பது நிறுத்தங்களையும் சொன்னாள். பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வந்து அவள் தொட்டியில் வளர்த்த புதினாவில் வாயை வைத்தது. அதையும் ஒரு கையால் விரட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்று வாரத்தில் பெட்டி தயாராகி, ஓட்டுநர் இருக்கைக்கு இடப்புறம், கதவுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. முதல் நாள் முதல் நடை. குரூணில் கதவு திறந்ததும் கிர்ரென்று ஒரு சத்தம். துணி நகர்ந்து நின்றது. மேலே சின்ன எழுத்தில் மலாயில் 'அடுத்த நிறுத்தம்' என்றும், கீழே கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயரும். பயணிகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பெட்டியையே பார்த்தார்கள். பிரிஜெட் வழக்கம்போலக் கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தெரியுதுக்கா, போட்டிருக்கு" என்றது ஒரு பள்ளிக்கூடப் பெண்.

பிரிஜெட்டுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிறுத்தத்துக்கும் சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லாக் கழுத்தும் இடப்புறம் சாய்ந்திருந்தது. பதினோரு வருஷமாகத் தான் பார்த்த வேலையை, ஒரு லோரியின் மழைத்துடைப்பான் வந்து பிடுங்கிக்கொண்டதே என்று நெஞ்சுக்குள் புகைந்தாள்.

குவார் செம்படாக் தாண்டி, கிளினிக் தாண்டி, கோயில் முச்சந்தி வந்தது. அங்கே இறங்குகிறவர் கிராணி காளிதாசன். சுங்கை மெராந்தித் தோட்ட ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா குத்தி, மழை பெய்தாலும் பளபளக்கும் சப்பாத்துப் போட்டுத்தான் காய்கறி பாசாருக்கே போவார். தோட்டம் பாதி விற்றுப்போய், தொழிலாளர் லயங்கள் இடிந்து, ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனபிறகும் அவரை எல்லாரும் கிராணி ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கதவு திறந்தது. காளிதாசன் படியில் காலை வைத்தார். கிர்ரென்று துணி நகர்ந்து, அவர் முகத்துக்கு நேராக அடுத்த பெயரைக் கொண்டுவந்து நிறுத்தியது.

சீ போ.

மலாய்க்கு வழங்கும் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனால் தமிழ் தெரிந்த எவர் வாய்விட்டுப் படித்தாலும் அப்படித்தான் வரும். காளிதாசன் இறங்கவில்லை. படியிலேயே நின்றார்.

"பிரிஜெட், என்னாம்மா இது?"

"எது ஐயா?"

"மேல பாரு. எறங்குற மனுஷன பாத்து சீ போன்னு சொல்லுது."

பிரிஜெட் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. அதற்குள் பின்னால் யாரோ அதைச் சத்தமாகப் படிக்க, பஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என்ன என்று புரியாமல் மலாய்ப் பெண்கள் இரண்டு பேர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். காளிதாசன் மட்டும் சிரிக்கவில்லை. "நான் எழுத்துல புகார் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

யானுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஃபெலிசியாவைப் போனில் பிடித்தாள்.

"அத்தே, நீங்கதானே சொன்னீங்க! மூணு தடவ ப்ளே பண்ணிக் கேட்டேன். கோயில் முச்சந்தி, அடுத்தது சீ போ. ரொம்ப க்ளியரா இருக்கு. ஒரு மாதிரி கோவமா வேற சொன்னீங்க. அந்த எடத்துல உங்களுக்கு ஏதோ பிரச்சனன்னு நெனச்சேன்."

தான் அனுப்பிய குரலைத் தானே கேட்டாள் பிரிஜெட். கோயில் முச்சந்தி, அடுத்தது... சீ, போ! ஆங், அடுத்தது செம்பனை ஆலை.

"நடுவுல 'மே'ன்னு ஒண்ணு கேட்டுச்சு" என்றாள் ஃபெலிசியா. "அது என்னான்னு தெரியல. அத விட்டுட்டேன்."

பிரிஜெட்டுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முருகையாவிடம் ஓடினாள். அவர் ஆபீஸில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மெல்லுவதை நிறுத்தினார்.

"அனுப்பியாச்சேம்மா."

"எத?"

"ஸ்டாப்பு லிஸ்ட்ட. ஆபீஸுக்கு எழுதி அனுப்பணும்ல? அந்தத் துணிய விரிச்சு வெச்சு, பாத்துப் பாத்துதான் எழுதினேன். இருவது ஸ்டாப்பு."

"பத்தொம்போதுதான் மொதலாளி."

"இப்ப இருவது. தூரம் வேற கேட்டிருந்தாங்க. கோயில் முச்சந்தியிலருந்து ஒரு கிலோமீட்டர்னு போட்டுட்டேன்."

"எதுக்கு ஒரு கிலோமீட்டர்?"

"ஒரு குத்துமதிப்புதான். முழுசா இருந்தா பாக்க நல்லா இருக்கும்னு போட்டேன்."

இனி திருத்தினால் விண்ணப்பத்தைப் புதிதாகப் போடவேண்டும், பார்வையிடும் நாள் தள்ளிப்போகும், அதுவரை பஸ் ஓடுமா ஓடாதா என்பதே நிச்சயமில்லை. அதிகாரி வந்து போகும்வரை சீ போ இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இருப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. கதவு திறந்தால்தான் துணி நகரும். பஸ் நின்று கைப்பிரேக் போட்டால்தான் கதவு திறக்கும். ஆகவே இல்லாத ஊருக்காகப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பஸ்ஸை நிறுத்தியே தீரவேண்டும். முருகையா எழுதிக்கொடுத்த ஒரு கிலோமீட்டரில் ஒரு சாக்கடைப் பாலம். முதல் இரண்டு நாள் பிரிஜெட் அங்கேதான் நிறுத்தினாள். கதவு திறக்கும், கொசு ஏறும், கதவு மூடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பாலத்தில் கதவைத் திறந்துவைத்திருந்தபோது, பின்பக்கக் கண்ணாடியில் பிச்சையம்மாளைப் பார்த்தாள். கோயில் முச்சந்தியில் இறங்கிய பிச்சையம்மாள் தொலைவில் ஒரு கையில் பையோடு, இன்னொரு கையை முழங்காலில் ஊன்றி நடந்துவந்துகொண்டிருந்தாள். குரூணில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் காலையிலிருந்து நின்றுகொண்டே மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுகிற பெண். லயத்தை இடித்தபோது, பாலத்துக்கு அப்பால் வளைவில், செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டாள். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நிறுத்தம் தூரம்தான். நான்கு வருஷமாக முருகையாவிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்டாப்பா?" என்று அவர் மறுத்துவிட்டார்.

யாருக்காக இந்தக் கதவைத் திறக்கிறோம், கொசுவுக்கா என்று பிரிஜெட்டுக்குத் தோன்றியது. மறுநாள் சாயங்காலம் பிச்சையம்மாள் கோயில் முச்சந்தியில் எழுந்தபோது, "ஒக்காருங்கக்கா, அடுத்ததுல எறங்கலாம்" என்றாள். பாலத்தைத் தாண்டி ஓட்டி, வளைவில் நிறுத்தினாள்.

"எறங்குங்க."

பிச்சையம்மாள் வெளியே பார்த்தாள். எதிரே அவள் வீட்டு வாசல், கயிற்றில் அவள் காயப்போட்ட கைலி.

"இங்கயா? என்னா ப்ரிசிட்டு, பஸ்ஸு ரிப்பேரா?"

"ரிப்பேரு இல்லக்கா. இதுதான் சீ போ."

"என்னைய பாத்தா சொல்ற?"

பிரிஜெட் பெட்டியைக் காட்டி விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிரித்தார்கள். பிச்சையம்மாள் இறங்கி, பத்து எட்டு நடந்து, வாசல்படியில் ஏறி நின்று, பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். அன்றிரவு பிரிஜெட்டுக்குப் பெட்டியின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆனால் பெட்டிக்கு இன்னொரு வியாதி உண்டு. கதவு ஒரு தடவை கூடுதலாகத் திறந்துவிட்டால் துணி ஒரு ஊர் முன்னால் ஓடிவிடும். பின்னால் நகராது. ஓடியதைப் பிடிப்பதற்கு ஒரே வழி, அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறக்காமல் இருப்பது. அங்கே இறங்கவேண்டியவர்கள் பின்பக்க அவசரக் கதவு வழியாகக் குதிக்கவேண்டும். பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களும் பழகிவிட்டார்கள். கிராணி காளிதாசனுக்கு மட்டும் அந்த நிலை அதுவரை வரவில்லை. ஆனால் தினமும் இறங்கும்போது தன்னைப் பார்த்துச் சொல்லப்படும் வார்த்தையை அவர் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே தாண்டினார்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. முதல்நாளே முருகையா எல்லாரையும் தயார் செய்துவிட்டார். "யாரும் கேட்டா, சீ போங்கிறவரு அந்தக் காலத்து சீன மொதலாளி, தவுக்கே. தோட்டத்துக்கு நெலம் கொடுத்தவரு. சரியா?" என்று வழக்கமான பயணிகளிடம் சொல்லிவைத்தார். பிரிஜெட்டிடம் வேறு மாதிரி சொன்னார். "நீ நாளைக்கு வாயத் தொறக்கக்கூடாது. பொட்டிதான் பேசணும். நீ பேசினா பொட்டி எதுக்குன்னு கேப்பான்."

அதிகாரியின் பெயர் ஜம்ரி. ஒல்லியான மனிதர், மடியில் ஒரு கோப்பு, கையில் தூரம் காட்டும் போன். குரூணில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். முருகையா பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி, மழை தூறுகிறது என்று குடையை விரித்து, ஏறுகிறவர்களைக் கையைப் பிடித்து ஏற்றினார். அவர் கையை அதற்குமுன் பார்த்திராத பயணிகள் திகைத்துப்போய் ஏறினார்கள். பிரிஜெட் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒவ்வொரு ஊரும் அவள் தொண்டைவரை வந்து வந்து திரும்பிப்போயிற்று. பெட்டி அழகாகப் பேசியது. ஜம்ரி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார்.

கிளினிக் வந்தது. முருகையா இறங்கினார், அய்யாவு அண்ணனை ஏற்றினார், தானும் ஏறினார். பிரிஜெட் கதவை மூடினாள். குடை உள்ளே வரவில்லை. அதன் பாதி கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. முருகையா இழுத்தார், ஒரு கம்பி மடங்கியது. வேறு வழியில்லை. பிரிஜெட் கதவை மறுபடி திறந்தாள்.

கிர்ர்.

கோயில் முச்சந்தி மேலே ஏறி மறைந்தது. கண்ணாடிக்குள் சீ போ வந்து நின்றது. ஜம்ரி அப்போது கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். பிரிஜெட் முருகையாவைப் பார்த்தாள், முருகையா பெட்டியைப் பார்த்தார், இருவருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது.

கோயில் முச்சந்தியில் பஸ் நின்றது. கதவு திறக்கவில்லை. காளிதாசன் பாசார் பையோடு எழுந்து வந்து கதவருகே நின்றார்.

முருகையா அவர் காதருகே குனிந்தார். "ஐயா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும், பின்னால எமர்ஜென்சி கதவு இருக்கு..."

"என்னாது?"

"சின்ன குதிதான். ஜெயகுமார் கீழ நின்னு புடிச்சுக்குவான்."

பெட்டிக்கு ஏதும் ஆனால் பார்த்துக்கொள்ள வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஜெயகுமார், சொன்னதைக் கேட்டுக் கையை உயர்த்திக் காட்டினான்.

காளிதாசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முப்பத்தொரு வருஷம் கிராணியா இருந்தவன் நான். வெள்ளைக்கார தொர பங்களாவுலகூட முன்வாசல் வழியாத்தான் போனேன். ஒம் பஸ்ஸுல பின்னால குதிச்சுப் போகணுமா?" என்றவர், திரும்பி வந்து தன் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஓட்டு. நான் எறங்கல."

பிரிஜெட் ஓட்டினாள். வேறென்ன செய்வது? வளைவு வந்தது, பிச்சையம்மாள் வீடு வந்தது. கதவு திறந்தது. பெட்டி சீ போவை முடித்துக்கொண்டு செம்பனை ஆலைக்கு நகர்ந்தது. பிச்சையம்மாள் எழுந்து வந்தாள்.

ஜம்ரி நிமிர்ந்து பார்த்தார். "இது சீ போவா?" என்று மலாயில் கேட்டார். "யார் அவர்? ஊரைக் காணோமே."

"தவுக்கே" என்றார் முருகையா உடனே. "பழைய தவுக்கே. தோட்டத்துக்கு நிலம் கொடுத்தவர். ரொம்ப நல்ல மனிதர்."

"பொய்!" என்று எழுந்தார் காளிதாசன். தோட்ட ஆபீஸில் பழகிய சுத்தமான மலாயில், 'என்சிக்' என்று மரியாதையாக அழைத்து ஆரம்பித்தார். "என்சிக், தோட்டத்து நிலப் பதிவு முழுவதும் என் கையெழுத்தில் இருக்கிறது. சீ போ என்று ஒருவரும் இல்லை. எங்கள் மொழியில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'சனியனே, ஓடு' என்று அர்த்தம். ஒரு மாதமாக இந்த பஸ் என்னைப் பார்த்து தினமும் அப்படிச் சொல்கிறது."

ஜம்ரி பிரிஜெட்டைப் பார்த்தார். முருகையா அவருக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வாய் அது. அதற்குமேல் தாங்கவில்லை.

"ஆடு என்சிக்" என்றாள் பிரிஜெட்.

"ஆடா?"

புதினாவிலிருந்து பேனர் கடைவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். போனை எடுத்து அந்தக் குரலையும் போட்டுக் காட்டினாள். பஸ் மூச்சுவிடாமல் கேட்டது. 'மே' வந்த இடத்தில் பின்னிருக்கையில் ஜெயகுமார் தாங்கமுடியாமல் சிரித்து, இருமலாக மாற்றினான். ஜம்ரி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார். பிறகு படியில் நின்றிருந்த பிச்சையம்மாளிடம், "நீங்கள் இங்கே ஏன் இறங்குகிறீர்கள்?" என்றார்.

"வீடு" என்று கையைக் காட்டினாள் பிச்சையம்மாள்.

"இதற்குமுன் எங்கே இறங்குவீர்கள்?"

அவள் வந்த வழியைக் காட்டி, அப்புறம் தன் முழங்காலைக் காட்டினாள். அதற்குமேல் அவளிடம் மலாய் இல்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பத்து எட்டு நடந்து வீட்டுப் படியில் ஏறினாள். ஜம்ரி அவள் கதவைத் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். போனில் தூரத்தைப் பார்த்தார்.

"நீங்கள் எழுதியது ஒரு கிலோமீட்டர். இது ஒன்று புள்ளி மூன்று" என்றார் முருகையாவிடம்.

முருகையா மடங்கிய குடைக்கம்பியை நிமிர்த்தத் தொடங்கினார்.

"பலகை ஒரு பெயரைச் சொல்லுகிறது, பஸ் நிற்கிறது, ஆள் இறங்குகிறார். நான் சரிபார்க்கவேண்டியது அவ்வளவுதான். பெயர் எப்படி வந்தது என்று கேட்க என் படிவத்தில் கட்டம் இல்லை." தூரத்தை மட்டும் திருத்தி எழுதினார். அதன்கீழே இன்னொரு வரியும் எழுதி, சத்தமாகப் படித்தார்: கதவு இரண்டு தடவை திறந்தால் பலகை முந்திக்கொள்கிறது, கையால் பின்னோக்கி நகர்த்த ஒரு வழி இரண்டு வாரத்தில் செய்யப்படவேண்டும். ஆக, குடை விவகாரத்தையும் மனிதர் கவனித்துத்தான் இருந்திருக்கிறார். ஜெயகுமார் பின்னாலிருந்து, "செஞ்சிரலாம் பாஸ்" என்றான்.

"அப்ப நான்?" என்றார் காளிதாசன்.

அவரை மறந்தே போயிருந்தார்கள். பஸ்ஸைத் திருப்ப அந்த வளைவில் இடமில்லை. கடைசியில் அவரும் சீ போவிலேயே, முன்வாசல் வழியாக, கம்பீரமாக இறங்கினார். பஸ் யானுக்குப் போய்த் திரும்பிவரும்வரை பிச்சையம்மாள் வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டார். முக்கால் மணி நேரம் கழித்து பிரிஜெட் வந்து கதவைத் திறந்தபோது, கையில் வாழைப்பூ ஒன்றோடு ஏறினார்.

"கோப்பி நல்லா போடுறாங்க அந்தம்மா" என்றார். புகார் கடிதம் எழுதியிருந்தாரா என்று பிரிஜெட் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, அலுவலக ஆட்கள் வந்து வளைவில் ஒரு நீலக் கம்பம் நட்டு, பஸ் படமும் பெயரும் போட்ட தகடு மாட்டிப் போனார்கள். செம்பனை வேலைக்கு வரும் வங்காளதேசத்துப் பையன்கள் நான்கைந்து பேர் அங்கே ஏறி இறங்கத் தொடங்கினார்கள். ஜெயகுமார் பெட்டிக்குப் பின்னோக்கி நகர்த்தும் சுவிட்சைப் பொருத்தினான். பிரிஜெட்டும் குரலை முழுதாக விடவில்லை. பெட்டி ஊரைச் சொல்லட்டும், ஆளை நான் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாள். பெயரை அது காட்டும், "அய்யாவு அண்ணே, அட்ட!" என்று இவள் கத்துவாள்.

ஒரு சனிக்கிழமை காலை குரூணில் ஒரு சீனர் ஏறினார். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, புதுத் தொப்பி.

"சீ போவுக்கு ஒரு டிக்கெட்" என்றார்.

அந்த முகத்தை அவள் பாதையில் பார்த்ததில்லை. "அங்கே யாரைப் பார்க்கணும் தவுக்கே?"

"யாரையும் இல்லை." அவர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். லிம் சீ போ, சுங்கைப்பட்டாணி. சைக்கிள் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். யாரோ அந்தக் கம்பத்தைப் படமெடுத்துப் போட்டிருந்ததை அவர் மகள் போனில் பார்த்துக் காட்டினாளாம். "எழுபத்திரண்டு வயசாகுது. என் பேரில் ஒரு ஊர் இருக்கிறதென்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோ எடுக்கணும்."

வழி முழுவதும் பெட்டியைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். கோயில் முச்சந்தியில் துணி நகர்ந்து அவர் பெயர் கண்ணாடிக்குள் வந்ததும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்த தமிழர்கள் எல்லாரும் பிரிஜெட்டைப் பார்த்தார்கள். வழக்கமாக ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு இறக்குகிறவள் ஆயிற்றே. ஊருக்கு வந்த பெரிய மனிதரைப் பார்த்து எப்படி அவள் அந்தப் பெயரைக் கத்துவாள்? வளைவில் பஸ்ஸை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இருக்கையை விட்டு எழுந்து அவரிடம் போய், "தவுக்கே, வந்தாச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

திரும்பி வரும்போது அவர் கம்பத்தடியில் காத்திருந்தார். பக்கத்தில் பிச்சையம்மாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். படம் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். முதல் படத்தில் தகடு வந்து அவர் தலை வரவில்லையாம், இரண்டாவதில் தலை வந்து தகடு வரவில்லையாம், பதினாலு தடவை எடுத்தார்களாம். லிம் சீ போ பழத்தை வாங்கிக்கொண்டு ஏறினார். உட்காரவில்லை. முன் இருக்கையிலிருந்து கடைசி இருக்கைவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போனை நீட்டிக் காட்டினார். படத்தில் நீலக் கம்பம் இருந்தது, தகடு இருந்தது, தொப்பியும் சிரிப்புமாக அவர் இருந்தார். ஓரத்தில் பிச்சையம்மாளின் கட்டைவிரல் இருந்தது.

"நல்லா வந்திருக்கு தவுக்கே" என்றார் கோயில் முச்சந்தியில் ஏறிய காளிதாசன்.

"இன்னொரு தடவை பாருங்கள்" என்றார் அவர்.